வெவ்வேறு டைப், ஒரே லிஸ்ட்: ஹாஸ்கலின் ஹெச்லிஸ்ட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹாஸ்கல் என்ற நிரல்மொழியில் ஓரளவு எழுதப் பழகிய நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். டைப் கிளாஸ், இன்ஸ்டன்ஸ், பேட்டர்ன் மேட்ச் மூன்றும் தெரிந்திருந்தால் போதும். நிரல் வரிகளைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். நீங்கள் எழுதிப் பார்க்கும்போது பெயர்களையும் கீவேர்டுகளையும் மட்டும் ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். குறிகள் அப்படியே இருக்கட்டும்.

ஹெட்டரோஜீனியஸ் லிஸ்ட் என்றால் என்ன?

சாதாரண லிஸ்டில் எல்லா உறுப்பும் ஒரே டைப்பாக இருக்க வேண்டும். இட்லித் தட்டு மாதிரி: எத்தனை குழி இருந்தாலும் எல்லாவற்றிலும் இட்லிதான். ஹெட்டரோஜீனியஸ் லிஸ்ட், சுருக்கமாக ஹெச்லிஸ்ட், டிபன் கேரியர் மாதிரி. மேல் அடுக்கில் பொரியல், அடுத்ததில் குழம்பு, அடியில் சோறு. மேல் அடுக்கைக் கழற்றினால் மீதியும் ஒரு கேரியர்தான், ஓர் அடுக்கு குறைந்த கேரியர். எந்த அடுக்கில் என்ன இருக்கிறது என்று கம்பைலருக்குத் திறந்து பார்க்காமலே தெரியும், ஏனென்றால் அது டைப்பிலேயே எழுதியிருக்கிறது:

42 :& "ஆங்கஸ்" :& ட்ரூ :& காலி
  :: ஹெச்லிஸ்ட் '[இன்ட், ஸ்ட்ரிங், பூல்]

மேல் வரி மதிப்பு. கீழ் வரி அதன் டைப். சதுர அடைப்புக்குள் இருப்பது டைப்புகளின் லிஸ்ட். இந்த ஒரு வரி மனதில் நின்றுவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

அதற்குத்தான் டியூபிள் இருக்கிறதே?

மூன்று உறுப்புள்ள டியூபிளுக்கும் நான்கு உறுப்புள்ள டியூபிளுக்கும் ஹாஸ்கலில் எந்த உறவும் கிடையாது. இரண்டும் தனித்தனி டைப். "எத்தனை உறுப்பு இருந்தாலும் சரி, எல்லாவற்றையும் அச்சிடு" என்று ஒரே ஃபங்ஷனை டியூபிளுக்கு எழுத முடியாது. ஷோ, ஈக்யூ போன்ற கிளாஸ்களுக்கு 15 உறுப்பு வரையுள்ள டியூபிள்களுக்கு இன்ஸ்டன்ஸ் இருக்க வேண்டும் என்று ஹாஸ்கல் மொழி அறிக்கை சொல்கிறது. அதனால் ஒவ்வோர் அளவுக்கும் ஒரு தனி இன்ஸ்டன்ஸ் வைத்திருக்கிறார்கள். பதினாறாவது உறுப்பைச் சேர்த்தால் ஷோ வேலை செய்யாது.

ஹெச்லிஸ்டுக்கு இரண்டே இன்ஸ்டன்ஸ் போதும். காலிக்கு ஒன்று, ஓர் அடுக்கு கூடியதற்கு ஒன்று. நூறு உறுப்பு என்றாலும் அதே இரண்டுதான்.

சரி, இது யாருக்கு உண்மையில் தேவை?

என்னைக் கேட்டால், வடிவம் நூலகத்தை எழுதுபவருக்குத் தெரியாமலும் அதைப் பயன்படுத்துபவருக்குத் தெரிந்தும் இருக்கிற இடத்தில்தான் தேவை. தரவுத்தள நூலகம் எழுதுபவருக்கு உங்கள் டேபிளில் எத்தனை நெடுவரிசை, என்னென்ன டைப் என்று தெரியாது. உங்களுக்குத் தெரியும். நீங்கள் அந்த வடிவத்தை டைப்பாகச் சொன்னால், அவர் எழுதி வைத்த பொதுவான ஃபங்ஷன் அதற்கேற்ப வேலை செய்யும். இரண்டு பேருக்கும் வடிவம் தெரியும் என்றால் ரெக்கார்ட் போதும். இரண்டு பேருக்கும் தெரியாது, ஓடும்போதுதான் தெரியும் என்றால் ஹெச்லிஸ்ட் பெரிதாக உதவாது. எந்தப் புராஜெக்டிலும் நான் முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வி இதுதான்.

டெஃபினிஷன் எப்படி இருக்கும்? அந்த ஒற்றை மேற்கோள் குறி எதற்கு?

டேட்டா ஹெச்லிஸ்ட் (தக :: [டைப்]) வேர்
  காலி :: ஹெச்லிஸ்ட் '[]
  (:&) :: த -> ஹெச்லிஸ்ட் மீதி -> ஹெச்லிஸ்ட் (த ': மீதி)

கூடவே :& குறி வலப்பக்கமாகச் சேரும் என்று ஒரு இன்ஃபிக்ஸ்ஆர் வரியும் போட வேண்டும். போடாவிட்டால் மேலே நான் எழுதியது போல அடைப்புக்குறி இல்லாமல் எழுத முடியாது.

இதற்கு ஜிஹெச்சி கம்பைலரின் இரண்டு வசதிகள் முக்கியம். முதலாவது ஜிஏடிடி. சாதாரண டேட்டா டைப்பில் எல்லாக் கன்ஸ்ட்ரக்டரும் ஒரே டைப்பைத்தான் தரும். ஜிஏடிடியில் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு டைப்பைத் தரலாம். காலி தருவது வெற்று லிஸ்டின் டைப்; :& தருவது ஒன்று கூடிய லிஸ்டின் டைப்.

இரண்டாவது டேட்டாகைண்ட்ஸ். மதிப்புகளின் உலகத்தில் நமக்குத் தெரிந்த லிஸ்டை டைப்புகளின் உலகத்துக்கு உயர்த்துகிற வசதி இது. மதிப்புக்கு டைப் இருப்பது போல டைப்புக்கும் ஒரு டைப் உண்டு, அதைக் கைண்ட் என்பார்கள். இன்ட் என்பதன் கைண்ட் டைப். '[இன்ட், பூல்] என்பதன் கைண்ட் [டைப்], அதாவது டைப்புகளின் லிஸ்ட்.

இனி அந்தக் குறி. [இன்ட்] என்றால் முழு எண்களின் லிஸ்ட், எத்தனை எண் வேண்டுமானாலும் இருக்கலாம். '[இன்ட்] என்றால் இன்ட் என்ற ஒரே டைப்பைக் கொண்ட, டைப்புகளின் லிஸ்ட். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் இரண்டும் முற்றிலும் வேறு. உறுப்பு இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் குழப்பத்துக்கு இடமில்லை என்பதால் குறியை விட்டாலும் கம்பைலர் புரிந்துகொள்ளும். ஆனாலும் எப்போதும் போடுங்கள். குறியில்லாமல் எழுதிப் பழகிவிட்டு, ஒரே உறுப்புள்ள லிஸ்டில் விட்டுவிட்டு, கைண்ட் எர்ரரைப் பார்த்து விழித்தவர்கள் நிறையப் பேர்.

காலி லிஸ்டில் முதல் உறுப்பைக் கேட்டால் என்ன ஆகும்?

கேட்கவே முடியாது.

முதல் :: ஹெச்லிஸ்ட் (த ': மீதி) -> த
முதல் (x :& _) = x

சாதாரண லிஸ்டின் ஹெட் ஃபங்ஷன் காலி லிஸ்டில் ஓடும்போது விழும். இங்கே கேட்கும் டைப்பிலேயே "குறைந்தது ஓர் அடுக்காவது இருக்க வேண்டும்" என்று இருக்கிறது. காலியைக் கொடுத்தால் கம்பைல் ஆகாது. காலிக்கென்று தனியாக ஒரு வரி எழுதவும் வேண்டாம். அப்படி ஒன்று வர வாய்ப்பில்லை என்று கம்பைலரே கணக்குப் போட்டுக்கொள்ளும்.

ஷோ இன்ஸ்டன்ஸ் எழுதுவதை மெதுவாகக் காட்ட முடியுமா?

கண்டிப்பாக. ஹெச்லிஸ்டில் எழுதும் எல்லாமே இதே அச்சில்தான் வரும். இதைப் புரிந்துகொண்டால் மற்றவை தானாக வரும்.

இன்ஸ்டன்ஸ் ஷோ (ஹெச்லிஸ்ட் '[]) வேர்
  ஷோ காலி = "."

இன்ஸ்டன்ஸ் (ஷோ த, ஷோ (ஹெச்லிஸ்ட் மீதி)) => ஷோ (ஹெச்லிஸ்ட் (த ': மீதி)) வேர்
  ஷோ (x :& xs) = ஷோ x ++ ", " ++ ஷோ xs

இரண்டாவது இன்ஸ்டன்ஸைத் தமிழில் படித்தால் இப்படி: "தலையை அச்சிடத் தெரியும், மீதியையும் அச்சிடத் தெரியும் என்றால், முழுவதையும் அச்சிடத் தெரியும்."

இப்போது '[இன்ட், ஸ்ட்ரிங், பூல்] உள்ள லிஸ்டை ஷோவுக்குக் கொடுக்கிறோம். கம்பைலர் தேடத் தொடங்குகிறது. மூன்று உறுப்பு இருப்பதால் முதல் இன்ஸ்டன்ஸ் பொருந்தாது, இரண்டாவது பொருந்தும். அங்கே த என்பது இன்ட், மீதி என்பது '[ஸ்ட்ரிங், பூல்]. ஷோ இன்ட் கையில் இருக்கிறது. மீதிக்கு மறுபடி தேடல்: த ஸ்ட்ரிங், மீதி '[பூல்]. அடுத்து: த பூல், மீதி '[]. கடைசியில் வெற்று லிஸ்ட், முதல் இன்ஸ்டன்ஸ். தேடல் முடிந்தது. நிரல் ஓடத் தொடங்கும் முன்பே இந்த லிஸ்டுக்கென்று அளவெடுத்துத் தைத்தது போல ஒரு ஷோ தயாராகிவிட்டது.

நடுவில் ஒரு ஃபங்ஷனை உறுப்பாக வைத்துப் பாருங்கள். தேடல் அந்த அடுக்குக்கு வந்ததும் நின்றுவிடும், "ஷோ (இன்ட் -> இன்ட்) என்பதற்கு இன்ஸ்டன்ஸ் இல்லை" என்று எர்ரர் வரும். எந்த டைப் தடுக்கிறது என்று சரியாகக் காட்டிவிடும். கணிதத்தில் தொகுத்தறி முறையில் நிரூபிப்போமே, அடிப்படை நிலை ஒன்று, அடுத்த படி ஒன்று, அதேதான் இது. நிரூபணத்தை நமக்காகக் கம்பைலர் கட்டுகிறது.

ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் இப்படி ஒரு கிளாஸும் இரண்டு இன்ஸ்டன்ஸுமா?

வேண்டாம். "லிஸ்டில் உள்ள எல்லா டைப்பும் இந்தக் கிளாஸில் இருக்க வேண்டும்" என்று சொல்லும் ஒரு டைப் ஃபேமிலியை ஒருமுறை எழுதிவிட்டால் போதும். டைப் ஃபேமிலி என்பது டைப்பை வாங்கி டைப்பைத் தரும் ஃபங்ஷன்.

டைப் ஃபேமிலி ஆல் c தக :: கன்ஸ்ட்ரெயின்ட் வேர்
  ஆல் c '[] = ()
  ஆல் c (த ': மீதி) = (c த, ஆல் c மீதி)

பிறகு சாதாரண ரிகர்ஷனே போதும்:

எல்லாம் :: ஆல் ஷோ தக => ஹெச்லிஸ்ட் தக -> [ஸ்ட்ரிங்]
எல்லாம் காலி = []
எல்லாம் (x :& xs) = ஷோ x : எல்லாம் xs

கடைசி வரியில் :& என்று பேட்டர்ன் மேட்ச் செய்த அந்தக் கணத்தில், தக என்பது த ': மீதி என்று கம்பைலருக்குத் தெரிந்துவிடுகிறது. உடனே ஆல் ஷோ தக என்பதைப் பிரித்து ஷோ த என்ற ஆதாரத்தை எடுத்துக்கொள்கிறது. முதன்முதலில் இது கம்பைல் ஆனபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்றும் நினைவிருக்கிறது. புதிதாக எழுதுபவர்களுக்கு நான் சொல்வது: முடிந்தவரை ஆல் வழியில் எழுதுங்கள். படிக்கவும் எளிது, பிறகு மாற்றவும் எளிது.

இரண்டு ஹெச்லிஸ்டைச் சேர்க்க முடியுமா?

முடியும். மதிப்பில் சேர்ப்பது போலவே டைப்பிலும் சேர்க்க ++ என்ற டைப் ஃபேமிலி வேண்டும். இடப்பக்க லிஸ்டை ஒவ்வோர் அடுக்காகக் கழற்றும் அதே இரண்டு வரிதான்.

சிக்கல் அதற்கப்புறம். xs ++ '[] என்பதும் xs என்பதும் ஒன்று என்று நமக்குத் தெரியும், கம்பைலருக்குத் தெரியாது. ++ இடப்பக்கத்தைப் பார்த்துத்தான் நகரும். அங்கே xs என்னவென்று தெரியாதபோது அப்படியே நின்றுவிடும். "இரண்டும் ஒன்றா என்று தெரியவில்லை" என்ற எர்ரரைப் பார்த்துப் பலர் இங்கேதான் கைவிடுகிறார்கள். நாமே நிரூபித்துக் கொடுக்கலாம்:

வலக்காலி :: ஹெச்லிஸ்ட் xs -> (xs ++ '[]) :~: xs
வலக்காலி காலி = ரெஃப்ல்
வலக்காலி (_ :& r) = கேஸ் வலக்காலி r ஆஃப் ரெஃப்ல் -> ரெஃப்ல்

:~: என்பது "இரண்டு டைப்பும் ஒன்றே" என்பதற்கான சான்று, ரெஃப்ல் அதன் ஒரே கன்ஸ்ட்ரக்டர். தேவைப்படும் இடத்தில் இந்த ஃபங்ஷனை அழைத்து ரெஃப்ல் என்று மேட்ச் செய்தால் எர்ரர் போய்விடும். ஒன்றை மறக்க வேண்டாம்: இந்தச் சான்றைப் பெற ஓடும்போது லிஸ்ட் முழுவதையும் ஒருமுறை நடக்க வேண்டியிருக்கிறது.

டைப்பைச் சொல்லி அந்த உறுப்பை எடுக்கலாமா?

எடுக்கலாம். "தலையே நான் தேடும் டைப்" என்று ஓர் இன்ஸ்டன்ஸ், "தலை வேறு, மீதியில் தேடு" என்று இன்னொன்று. தலை நாம் தேடும் டைப்பாகவே இருந்தால் இரண்டும் பொருந்தும். அதனால் முதல் இன்ஸ்டன்ஸுக்கு ஓவர்லாப்பிங் என்ற பிராக்மா (கம்பைலருக்கான குறிப்பு) போட்டு அதற்கு முன்னுரிமை தர வேண்டும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. அகலம், உயரம் இரண்டையும் இன்ட்டாக வைத்துவிட்டு "இன்ட் கொடு" என்றால் முதலில் இருப்பது வரும். எர்ரரும் வராது, எச்சரிக்கையும் வராது. நான் எழுதிய ஓர் அறிக்கைத் திரையில் இரண்டு எண்கள் இடம் மாறி ஒரு வாரம் யார் கண்ணிலும் படாமல் இருந்தது. மருந்து எளிது: அகலம், உயரம் என்று தனித்தனி நியூடைப், அதாவது உள்ளே அதே இன்ட், வெளியே வேறு டைப். ஓடும்போது நியூடைப்புக்கு எந்தச் செலவும் இல்லை.

இன்னொன்று: 10 :& காலி என்று மட்டும் எழுதினால் 10 எந்த எண் டைப் என்று முடிவாகியிருக்காது, தேடல் நின்றுவிடும். (10 :: இன்ட்) என்று சொல்லிவிடுங்கள்.

ஃபைலிலிருந்து வரும் தரவுக்கு இது எப்படி உதவும்? ஓடும்போதுதானே தரவு தெரியும்?

தரவு ஓடும்போதுதான் தெரியும். வடிவம் உங்களுக்கு முன்பே தெரியும். ரசீதுகள் உள்ள ஒரு சிஎஸ்வி ஃபைல் (கட்டங்களைக் காற்புள்ளியால் பிரித்தது), ஒவ்வொரு வரியிலும் எண், பெயர், தொகை என்று வைத்துக்கொள்வோம்:

1042,கண்மணி,350.50

ஒரு கட்டத்தைப் படிக்கும் கலம் என்ற கிளாஸை இன்ட், டெக்ஸ்ட், டபுள் மூன்றுக்கும் எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் வரி என்ற கிளாஸ்:

கிளாஸ் வரி தக வேர்
  படி :: [டெக்ஸ்ட்] -> மேபி (ஹெச்லிஸ்ட் தக)

வெற்று லிஸ்டுக்கான இன்ஸ்டன்ஸ், கட்டங்களும் தீர்ந்துவிட்டால் ஜஸ்ட் காலி தரும். கட்டம் மிச்சமிருந்தால் நத்திங். மற்றது முதல் கட்டத்தைக் கலம் வழியாகப் படித்து, மீதியைத் தானே படித்து, இரண்டையும் :& போட்டு இணைக்கும். அழைக்கும்போது:

படி @'[இன்ட், டெக்ஸ்ட், டபுள்] கட்டங்கள்

அந்த @ குறி டைப்பை நேரடியாகக் கொடுக்கும் வசதி, 2016-இல் ஜிஹெச்சி 8.0-உடன் வந்தது. இங்கே விடையின் டைப்தான் வேலையை ஏவுகிறது. நாளைக்குத் தேதி என்று நான்காவது நெடுவரிசை வந்தால் லிஸ்டில் ஒரு டைப்பைச் சேர்க்கிறீர்கள், அந்த டைப்புக்குக் கலம் இன்ஸ்டன்ஸ் இல்லையென்றால் அதையும் எழுதுகிறீர்கள். வரி கிளாஸில் எதுவும் மாறாது. மூன்று உறுப்பை எதிர்பார்க்கும் பழைய இடங்களையெல்லாம் கம்பைலர் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொடுக்கும். மேபிக்குப் பதில் ஈதர் வைத்து எத்தனையாவது கட்டம் தவறு என்றும் சொல்ல வைத்தால் தினசரி வேலைக்கே பயன்படும்.

இந்த யோசனை யாருடையது?

2004-ஆம் ஆண்டு ஹாஸ்கல் பட்டறையில் ஒலெக் கிசெல்யோவ், ரால்ஃப் லாமெல், கீன் ஷுப்கே மூவரும் வழங்கிய ஆய்வுக் கட்டுரை இதை முழுமையான நூலகமாகக் காட்டியது. அப்போது ஜிஹெச்சியில் ஜிஏடிடி கிடையாது, டைப் ஃபேமிலியும் கிடையாது. காலியும் அடுக்கும் தனித்தனி டேட்டா டைப்புகளாக இருந்தன. டைப் கணக்குகளை மல்ட்டி-பாராமீட்டர் கிளாஸ்களாலும் (ஒன்றுக்கு மேற்பட்ட டைப்பை வாங்கும் கிளாஸ்) ஃபங்ஷனல் டிபெண்டன்சியாலும் (ஒரு டைப் தெரிந்தால் மற்றது முடிவாகிவிடும் என்ற அறிவிப்பு) செய்தார்கள். அவர்களுடைய எடுத்துக்காட்டில் ஒரு பசு வருகிறது: எண் 42, பெயர் ஆங்கஸ், விலை 75.5. தொடக்கத்தில் நான் எழுதிய ஆங்கஸ் அங்கிருந்து வந்தது. எண்ணையும் பெயரையும் விலையையும் அவர்களும் தனித்தனி நியூடைப்பாகத்தான் வைத்தார்கள்.

2005-இல் ஜிஏடிடி, 2008-இல் டைப் ஃபேமிலி, 2012-இல் டேட்டாகைண்ட்ஸ் என்று வசதிகள் வரவர, அன்று பக்கம் பக்கமாக எழுதியது இன்று சில வரிகளில் அடங்குகிறது. கையிலிருந்த குறைந்த கருவிகளோடு அதைச் செய்து காட்டியவர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

இப்போது எங்கெல்லாம் புழங்குகிறது?

சர்வன்ட் என்ற வெப் நூலகத்தில் முழு ஏபிஐயும் ஒரு டைப். ஒரு முகவரி எந்தெந்த வடிவில் பதில் தரும் என்பதை '[ஜேசன்] போன்ற டைப்-லிஸ்டாகவே எழுதுவார்கள். ஜெனரிக்ஸ்-எஸ்ஓபி என்ற நூலகம் எந்த டேட்டா டைப்பையும் இப்படிப்பட்ட லிஸ்டுகளாக மாற்றித் தருகிறது. போஸ்ட்கிரெஸ்க்யூஎல்-சிம்பிள் என்ற தரவுத்தள நூலகத்தில் இரண்டு வரிசைகளை ஒட்ட :. என்ற குறி இருக்கிறது. முழு ஹெச்லிஸ்ட் இல்லை, நெருங்கிய உறவு. ஸ்காலா மொழியில் மைல்ஸ் சபின் எழுதிய ஷேப்லெஸ் நூலகம் இதைப் பரப்பியது. ஸ்காலா 3-இல் டியூபிளையே அடுக்கடுக்காகக் கழற்றும் வசதி மொழியோடு வருகிறது.

வேகம் எப்படி?

ஓடும்போது இது சாதாரண லிங்க்டு லிஸ்ட்தான். ஐந்தாவது உறுப்பு வேண்டுமென்றால் ஐந்து அடுக்கு நடக்க வேண்டும். டைப் தகவல் ஓடும்போது இருக்காது, அதனால் கூடுதல் சுமை இல்லை.

கம்பைல் நேரம்தான் கவலை. ஒவ்வோர் அடுக்கிலும் மீதி லிஸ்டின் டைப் முழுவதையும் கம்பைலர் உள்ளே எழுதி வைக்கிறது. 50 உறுப்பு என்றால் 50 + 49 + 48 என்று ஒன்று வரை கூட்டினால் 1275. 100 உறுப்பு என்றால் 5050. நீளம் இரண்டு மடங்கானால் வேலை ஏறக்குறைய நான்கு மடங்கு. இருபது உறுப்புக்குள் நான் இதைப் பற்றி யோசிப்பதே இல்லை. அறுபதைத் தொட்டால் லிஸ்டை இரண்டாகப் பிரிக்க வழி தேடுவேன்.

எர்ரர் மெசேஜ் புரியவே இல்லை, என்ன செய்வது?

உங்கள் நூலகத்தைப் பிறர் பயன்படுத்தினால், டைப்எர்ரர் என்ற வசதியால் உங்கள் சொந்தச் செய்தியை வைக்கலாம். இதுவும் 8.0-இல் வந்ததுதான். மேலே சொன்ன தேடும் கிளாஸில் வெற்று லிஸ்டுக்கு ஓர் இன்ஸ்டன்ஸ் சேர்த்து, அதில் "இந்த டைப் லிஸ்டில் இல்லை" என்று எழுதி வையுங்கள். பயன்படுத்துபவருக்கு அரைப் பக்க எர்ரருக்குப் பதில் ஒரே வரி வரும்.

எப்போது வேண்டாம் என்பீர்கள்?

உறுப்புகளுக்குப் பெயர் உண்டு, எண்ணிக்கை மாறாது என்றால் ரெக்கார்ட் எழுதுங்கள். மூன்று வகை மதிப்பில் ஏதோ ஒன்று வரும் என்றால் அது சம் டைப். ஹெச்லிஸ்ட் எல்லாமும் ஒன்றாக இருப்பதற்கு, ஏதோ ஒன்று இருப்பதற்கல்ல. இந்த இரண்டாவது குழப்பத்தை நான் அடிக்கடி பார்க்கிறேன். ஷோ மட்டும் போதும், எந்த டைப் என்பது பிறகு வேண்டாம் என்றால் எக்ஸிஸ்டென்ஷியல் டைப் (உள்ளே இருப்பது எந்த டைப் என்பதை மறைக்கும் உறை) போட்டுச் சாதாரண லிஸ்டிலேயே வைத்துவிடலாம்.

குழுவாக வேலை செய்யும்போது ஹெச்லிஸ்டை நூலகத்தின் உள்ளே வைத்து, வெளியே ரெக்கார்டைக் காட்டுவதே நல்லது. புதிதாகச் சேர்ந்தவர் முதல் நாளிலேயே டைப் ஃபேமிலி படிக்க வேண்டிய நிலை வரக்கூடாது.

எங்கே தொடங்கலாம்?

எந்த நூலகத்தையும் இறக்காமல், மேலே உள்ள டெஃபினிஷனை ஒரு வெற்று ஃபைலில் கையால் எழுதுங்கள். ஷோ எழுதுங்கள், பிறகு ஈக்யூ. அடுத்து நீளம்: முதலில் இன்ட் தரும் சாதாரண ஃபங்ஷனாக, பிறகு டைப்பிலேயே நீளத்தைக் கணக்கிடும் டைப் ஃபேமிலியாக. கடைசியாகத் திருப்பிப்போடும் ஃபங்ஷனை எழுதிப் பாருங்கள். ஒவ்வோர் அடுக்காகக் கழற்றி இன்னொரு கேரியரில் ஏற்றுகிற வழியில், ஏற்றிவைத்த லிஸ்டின் டைப்பை இரண்டாவது பாராமீட்டராக எடுத்துச் சென்றால் எந்தச் சான்றும் கேட்காமல் கம்பைல் ஆகும். ++ வைத்து எழுதினாலும் கம்பைல் ஆகும், ஆனால் ஒவ்வோர் அடுக்குக்கும் மீதியை முழுவதும் நடக்கும். அப்புறம், இரண்டு முறை திருப்பினால் பழைய டைப்பே வரும் என்று கம்பைலரிடம் நிரூபித்துக் காட்டுங்கள். வலக்காலியை எழுதிய அதே முறைதான், கொஞ்சம் நீளமாக வரும்.